கொடுமுடியில் எனக்குப் பதில் பேசியவர்

போன வாரம் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு காலத்தில் என்னோடு பொம்மை ஆட்டிய நூர்ஜகானின் போன் வந்தது. "ஏனுங்கக்கா, வசந்தாமணியக்கா போயிட்டாங்க. சூலூர்ல ஊட்லதான் வெச்சிருக்காங்களாம்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன். எங்கள் பொம்மலாட்டக் குழுவில் இருந்தவர்கள் இன்று திசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் கிடந்த எங்களை ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்தது. பொம்மை செய்ய வேண்டும், நாடகம் எழுத வேண்டும், ஊர் ஊராகப் போய் ஆட்டிக் காட்ட வேண்டும். ஒரு வருடம் முடித்தால் அனுபவச் சான்றிதழ். நாடகம் என்று சொன்னால் எங்கள் வீடுகளில் வாசலைத் தாண்ட விடுவார்களா? வசந்தாமணி அக்கா பல்லடம் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் நாளே அவர்தான் வழி சொன்னார். "கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிப்போடு கண்ணு. என்ன கம்பெனின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." ஒருத்தரும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸோடு காலை பஸ்ஸில் போகிற பெண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சரவணம்பட்டியில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த பழைய கோழிப்பண்ணைக் கொட்டகைதான் எங்கள் கம்பெனி.

நிகழ்ச்சி நடத்த ஊர்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. சொந்தக்காரர் இருக்கிற ஊர் வேண்டாம் என்றோம். ஒருத்திக்கு அவிநாசியில் அத்தை, ஒருவனுக்கு அன்னூரில் மாமன், இன்னொருத்திக்கு காங்கேயம் முழுக்கப் பங்காளிகள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஒவ்வொரு ஊராக அடித்துக்கொண்டே போனதில் மிச்சம் ஒன்றுமே இல்லை. சம்பளம் இருக்கிறது, வேலை இருக்கிறது, கால் வைக்க ஊர் இல்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொந்தக்காரங்களே சுத்தியும் வேலி போட்டு வெச்சிருக்காங்க பாரு" என்றார். மறுநாள் கருநீலத் துணி வாங்கி வந்து ஆளுயரத்துக்குக் கட்டினார். மேலே பொம்மைகள் மட்டும் தெரியும், நாங்கள் உள்ளே மறைந்து நின்றுகொள்ளலாம். முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். குரலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் நாடகத்தில் பொன்னி என்றொரு பெண் பொம்மை. கல்யாணத்துக்கு அவசரப்படும் தன் அப்பாவிடம், "ஒரு வருசம் வேலைக்குப் போய்ட்டு வாரேனுங்கப்பா, அப்புறம் பேசுங்க" என்று கேட்கும் இடம்தான் அதன் உயிர். பொன்னிக்கு நான் குரல். அப்பா பொம்மைக்கு அக்கா, கரகரத்த ஆண் குரலில். நான் நடித்தேன் என்றும் சொல்ல முடியாது. எனக்கே வருகிற தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் கேட்க முடியாததைப் பொம்மையைத் தூக்கிப் பிடித்து ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடியில் ஆட்டம் என்று முடிவானது. என் வீட்டாரும் அன்று அங்கேதான் காவிரிக்குப் போவார்கள். எனக்கு லீவு இல்லை என்று சொல்லியிருந்தேன். அப்பாவுக்குக் கூட்டம் ஆகாது, மதியமே திரும்பிவிடுவார் என்று நம்பினேன். சாயங்காலம் ஆட்டம் தொடங்கி, பொன்னியின் முதல் பேச்சுக்குச் சற்று முன் துணியின் தையல் இடுக்கு வழியாகப் பார்த்தால், முன்வரிசையில் அம்மாவும் பெரியப்பாவும், நடுவில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். விட்டுவிட்டுப் போகலாமென்றால் பின்னால் ஆறு, இரண்டு பக்கமும் ஜனம். பொன்னி வாயைத் திறந்தபடி சும்மா நின்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார், இடுக்கு வழியாக வெளியே பார்த்தார். பொன்னியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்பா பொம்மை கேட்டது: "ஏங்கண்ணு, குரல் இப்படி இருக்குது?" அதே கரகரப்பில் பொன்னி சொன்னாள்: "ஆத்துல ரொம்ப நேரம் குளிச்சுப்போட்டேனுங்கப்பா, தொண்ட கட்டிக்கிச்சு." கூட்டம் சிரித்தது. என் அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு அந்தக் கட்டைக் குரலிலேயே பொன்னி தன் அப்பாவிடம் அந்த ஒரு வருடத்தைக் கேட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா நேராகத் திரைக்கு வந்தார். "பேசுன புள்ளயப் பாக்கோணுமுங்க" என்று துணியின் மேல்விளிம்பைப் பிடித்தார். என் தலைக்கு மேலே அவருடைய விரல்கள். அக்கா என் தலையை அழுத்தி உட்கார வைத்துவிட்டு வெளியே போனார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பதைத்தான் அப்பாவும் கேட்டார். "யாரூட்டுப் புள்ள கண்ணு நீ?" அக்கா தன் ஊரையும் தன் அப்பா பேரையும் உள்ளபடி சொன்னார்.

"ஏனக்கா நெசத்தச் சொன்னீங்க?" என்று திரும்பும்போது வேனில் அழுதேன். "பொய்யா வேற ஊரு பேரச் சொன்னா, உங்கப்பா அங்கயே நின்னு அந்த ஊர்ல இருக்கறவங்களப் பூரா விசாரிப்பாரு, நான் பதில் தெரியாம முழிப்பேன். நீ எத்தன நேரம் மூச்ச அடக்கிட்டு உக்காந்திருப்ப?" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் அப்பா சொன்னார்: "அந்தப் பொம்மப் புள்ள கேட்டதும் நாயந்தான." என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதே அப்பா, ஆவணி பிறந்ததும் ஒரு கல்யாண வீட்டில் அக்காவின் அப்பாவைப் பார்த்து, உங்க புள்ள கொடுமுடியில் என்னமா பேசுச்சு என்று பாராட்டியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை. அக்கா போவது என்ன கம்பெனி என்று அவர் வீட்டில் அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பின் அக்கா கம்பெனிக்கு வரவில்லை. அந்த ஆவணியின் கடைசி முகூர்த்தத்திலேயே சூலூரில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் வருடத்தை முடித்தேன், சான்றிதழோடு வேலைக்கும் போனேன்.

பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். தறிகள் ஓடும் கொட்டகையில் என் காதருகே வந்து கத்தினார்: "இங்க பேசறது யாருக்கும் கேக்காது கண்ணு. அதனால பொன்னி, அப்பா, எல்லாக் குரல்லயும் நானே பேசிக்குவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவு வீட்டில் அவர் மகன் என்னிடம் கேட்டான், "நீங்க எந்த வழியில சொந்தமுங்க?"

"சொந்தமில்லீங்க தம்பி. உங்கம்மாகூட வேலை செஞ்சவ."

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்களா?" என்றான்.

கொடுமுடிக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். பொன்னி ஒரு வருடம் கேட்கும் அந்த வரியைச் சொல்லும்போது என் குரலும் கரகரத்துவிட்டது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வரி ஒன்றைத்தான். என் அப்பாவிடம் எனக்காக அதை அவர் கேட்டார். அவர் அப்பாவிடம் அவருக்காகக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.