யானைகள் எடுத்துக்கொண்ட பாதை

காலை ஆறு மணிக்குத் தேனியில் பஸ் ஏறினேன். கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு போகிற வண்டி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இந்த மலையில் எங்கே நடக்கலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கேட்க அதிகாரிகள் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வருசநாட்டுப் பக்கம் ஏறிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் இரண்டு நாள் நடைபாதைக்குத் தடம் கண்டது நான்தான். மழைக்காக அடைத்திருந்ததை இந்த மாதம் திறக்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் இந்தப் பயணம். திறந்துவிடும் என்று சென்னை நடைக்காரர்களுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடமலைக்குண்டிலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய்.

"பாதை போட்ட ஆளு, ஆட்டோவுல வாறீகளே?" என்றான் டிரைவர் முருகன்.

"மலையில நடக்கத்தான்டா காலு. தார் ரோட்டுல தேய்க்கவா?"

அடிவாரத்தில் வனக்காப்பாளர் செல்வி காத்திருந்தது. வடுகபட்டிப் பெண். இருவரும் ஏறினோம். பத்து மணிக்கு நான்காவது வளைவில் யானை லத்தி கிடந்தது.

"பழசு," என்றேன்.

"ஆவி பறக்குது பெரியப்பா. பழசுங்கிறீக!"

ஓரத்து மரங்களில் யானைகள் உரசிய சேறு, என் தலைக்கு மேலே. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், இன்னொரு பூச்சு. குட்டியும் வருகிறது. குட்டியோடு வரும் தாய் முன்னால் மனிதன் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

"அதுகளுக்கு வேற பக்கமே இல்லையாத்தா?"

"மேல எஸ்டேட்டு, கீழ தோட்டத்து வேலி. நடுவுல உங்க பாதைதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க. ஆபீசுல உங்க பேச்சத்தான் கேப்பாக."

ஆட்களுக்குச் சுற்றுவழி தேடினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். உச்சி வெயில் வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. எனக்கே கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

"ஆளுகளுக்கு வேண்டாம்னு எழுதிக்கோ," என்றேன். "மூச்சு வாங்காம ஏறுற மாதிரி நான் வளைச்சு வளைச்சு எடுத்த தடம். நல்லா இருக்கப் போய்த்தான் யானை எடுத்துக்கிருச்சு."

"அதையும் எழுதணுமா பெரியப்பா?"

"எழுது."

மூன்று மணிக்கு அடிவாரம். போர்டு வைத்துவிடலாம் என்றது செல்வி.

"போர்டுன்னா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு உள்ள போயிருவான். முள்ளுன்னா நிப்பான்."

முப்பது வருஷம் அந்தப் பாதையில் முள்ளை வெட்டி ஒதுக்கியவன் நான். இலந்தை முள்ளை வெட்டிப் பாதை தொடங்கும் வாயில் குறுக்கே போட்டேன். யானைகள் பாதையில் வந்து சேருவது மேலே. இந்த முள் அவற்றுக்குத் தெரியப்போவதில்லை.

திரும்பும்போது முருகன் கேட்டான்: "பாதை எப்பத் தொறக்கும்?"

"தொறந்துதான்டா இருக்கு. நமக்கில்ல."

தேனியில் நகராட்சி போட்ட நடைபாதையில் கடைக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். ரோட்டில் இறங்கி நடந்து வீடு போய்ச் சேர்ந்தேன்.