கொம்பு இடம் மாறிய எடைத்திரை

வியாசர்பாடி ரமாபாயின் வேலை என்னவென்று அவள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்க்கும் அப்பா, "பாப்பா பொட்டிக்குள்ள கம்ப்யூட்டர் செய்யுது" என்பார். அது பெரிய தப்பும் இல்லை. லாரி எடைமேடைகளுக்குத் திரைப்பெட்டி செய்யும் சுயம்பு அண்ணாச்சியின் கம்பெனி திருவொற்றியூரில் இருந்தது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அதில் ஓட வேண்டிய லினக்ஸ் இயங்குதளத்தில் தேவையானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டுவது ரமாபாயின் வேலை. இமேஜ் என்பார்கள் அதை. முப்பத்திரண்டு எம்பிக்கு மேல் போனால் போர்டு ஏற்காது.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் புதுப் பெட்டி மாட்டிய மறுவாரமே புகார் வந்தது. அங்கே பதினாறு வருஷமாக எடை போடும் கெங்கம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பழைய பெட்டியில் எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு மனப்பாடம். புதுத் திரையிலோ எல்லாம் ஆங்கில எழுத்து. பின் சக்கரம் மேடைக்கு வெளியே நின்ற லாரியை இரண்டு முறை அப்படியே எடை போட்டுவிட்டாள். அவளைப் பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிடுவதாக மேடை முதலாளி சொல்லிவிட்டார்.

ரமாபாய் நேரில் போய்ப் பார்த்தாள்.

"லாரி வந்து நின்னாலே எனக்கு எடை தெரியும். இந்தப் பொட்டிதான் என்னாண்ட பேச மாட்டேங்குது," என்றாள் கெங்கம்மா.

"தமிழ்ல பேச வெச்சிடறேன்க்கா. ஒரு வாரம் டைம் குடு."

தமிழ்ச் செய்திகளையும் எழுத்துருவையும் சேர்த்து இமேஜைக் கட்டி, செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் ஏற்றினாள். கெங்கம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா பாப்பா, 'வெளியே'ல கொம்பு 'வ'வுக்கு அப்பால போய் நின்னுகினு கீது?"

ரமாபாயின் முகம் வாடிவிட்டது. எழுத்துகளை அதனதன் இடத்தில் கோத்துத் தரும் நிரலை, இடம் மிச்சம் பிடிப்பதற்காக விட்டிருந்தாள். ஆங்கிலத்துக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இப்போது சேர்த்துக் கட்டினால் போர்டு ஏற்கும் அளவைவிட ஒன்றரை எம்பி கூடிவிடும்.

"பெரிய போர்டா வச்சிருவமாம்மா?" என்று கேட்டார் சுயம்பு.

"வேணாம் அண்ணாச்சி. போர்டு பெரிசானா பெட்டியையே மாத்தணும். நான் பாக்கறேன்."

இமேஜில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்பீக்கரே இல்லாத பெட்டிக்குப் பாட்டுப் போடும் நிரல்கள் உள்ளே உட்கார்ந்திருந்தன. தூக்கினாள். இரண்டு எம்பி இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கொம்புகள் ஒழுங்காக நின்றன. கெங்கம்மா உரக்கப் படித்தாள்: "வாகனத்தின் பின்புறச் சக்கரம் மேடைக்கு வெளியே உள்ளது." படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இத்த முடிக்கறதுக்குள்ள லாரி எண்ணூரு போய்ச் சேந்துடும். 'பின் சக்கரம் வெளியே'ன்னு போடு, போதும்."

ரமாபாய் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கெங்கம்மா சொல்லச் சொல்லப் பத்தொன்பது செய்திகளையும் மாற்றி எழுதினாள். மொழிபெயர்த்தவர் பெயருக்கென்று அந்தச் செய்திக் கோப்பின் தலையில் ஒரு வரி உண்டு. அதில் 'கெங்கம்மா, சாத்தாங்காடு' என்று போட்டாள்.

அதன்பின் வேலை மாற்றுகிற பேச்சை முதலாளி எடுக்கவில்லை. கம்பெனியின் எல்லாப் பெட்டிகளிலும் இன்று அந்தச் செய்திகள்தான். போன வாரம் கெங்கம்மா போன் செய்தாள்.

"நெல்லூரு டிரைவருங்க கேக்கறாங்க பாப்பா. தெலுங்கு எப்போ?"

ரமாபாய் இமேஜில் மறுபடி இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.