என் எடைக்கல்லும் அவள் தராசும்

போன வருஷம் ஆடி மாதம், கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் எங்கள் தெருவில் நடந்தது இது. அங்கேதான் என் மளிகைக்கடை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கினேன், நடைபாதையில் சாக்கு விரித்துப் பருப்பு விற்றேன். இன்றைக்குச் சொந்த இடத்தில் கீழே கடை, மேலே இரண்டு மாடி. யார் தயவும் கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எதிர்வரிசையில் குப்பத்துப் பெண் ஒருத்தி, வீட்டு முன்னறையிலேயே ஒரு சின்ன மளிகைக்கடை போட்டாள். புருஷன் கடலுக்குப் போகிறவன். ஆறு மாதம் தாங்காது என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் என் வாடிக்கையில் பாதி அங்கே போய்விட்டது.

அவள் சாமான் போட்டுக் கொடுப்பது சிவப்புத் துணிப்பையில். தெருக்கோடி டெய்லர் தைத்துக் கொடுப்பது அது. கடலை உருண்டை பக்கத்துச் சந்து அம்மாள் பிடித்தது. கருவாடு குப்பத்துக் கருவாடு. அவர்களும் வீட்டுச் சாமானை அவளிடம்தானே வாங்குவார்கள்? நானோ பை முதல் பல்பொடி வரை பாரிமுனையில் மொத்தமாக எடுப்பவன். அதில் ஒரு கர்வம் வேறு.

கல்லாவில் உட்கார்ந்து சிவப்புப் பைகளைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஸ்கூட்டர் கொக்கியில் சிவப்பு, நடந்து போகிறவர் கையில் சிவப்பு. வயிற்றெரிச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? சோடா குடித்தும் அடங்கவில்லை.

ஒரு நாள் காலை, மயிலாப்பூரிலிருந்து இங்கே குடிவந்த நாளாக என்னிடமே வாங்கிய டீச்சரம்மாவும் சிவப்புப் பையோடு போனார்.

"இன்னா டீச்சர், நம்ம கடை கண்ணுக்குத் தெரியலையா?"

"கோச்சுக்காதீங்கோ. அந்தப் பொண்ணு நன்னா விசாரிச்சுண்டு, எடையும் கரெக்டா போடறா."

எடை! அந்த ஒரு வார்த்தை போதாதா? நடைபாதைக் காலத்து ஒரு கிலோ இரும்பு எடைக்கல்லை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் சந்தனம் குங்குமம் வைக்கிறவன் நான். என் எடையைக் குறை சொல்ல ஒருவன் பிறந்து வரவேண்டும். அவள் தராசில்தான் ஏதோ கோளாறு. அது வெளியே தெரிந்தால் கடை அன்றோடு காலி. மறைப்பானேன், அதுதான் என் ஆசை. கல்லை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். டீச்சரம்மாவும் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். "ஏம்மா, இந்தக் கிலோ கல்லை உன் தராசுல வை. எல்லாரும் பார்க்கட்டும்" என்றேன்.

வைத்தாள். எலக்ட்ரானிக் தராசு ஆயிரத்து முப்பத்தாறு கிராம் காட்டியது.

"பாத்தீங்களா? கிலோவுக்கு முப்பத்தாறு கிராம் கொள்ளை!" என்று கத்தினேன். பருப்பு வாங்கிய ஓர் அம்மாள் பையைத் திரும்பப் பலகைமேல் வைத்துவிட்டாள். கடைக்காரப் பெண்ணின் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளே குளிர்ந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நைனா, நான் இன்னா சொன்னாலும் நீ நம்ப மாட்டே. உன் கடையில கீற கிலோ உப்பு பாக்கெட்டு ஒண்ணு எடுத்துக்கினு வா."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். ஆயிரத்து நாலு. கவரின் எடை நாலு. நம்பாமல் இன்னொன்று கொண்டுவந்தேன். அதுவும் அப்படியே.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டெய்லர், "நைனா, உன் கல்லு துன்னு துன்னு கொழுத்துட்சு போலக்கீது!" என்றார். ஒரே சிரிப்பு.

அவள் கல்லைப் புரட்டி நகத்தால் சுரண்டினாள். சந்தனம், குங்குமம், சாமி விளக்கு எண்ணெய் எல்லாம் கெட்டிப்பட்டு, அடை போலப் பெயர்ந்து விழுந்தது. "இத்தினி வருசமா பூசிக்கினே கீறியே நைனா, எடை ஏறாம இன்னா பண்ணும்?"

பிறகு சிரித்தவர்களைப் பார்த்து, "சிரிக்காதீங்கப்பா. பெரியவரு சாமியா வெச்சுக்கீற கல்லு அது" என்று அதட்டினாள். கல்லை ஒரு சிவப்புப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். "கையில தூக்கிக்கினு போனா நாலு பேரு கேப்பாங்க. இதுல எடுத்துக்கினு போ."

அவள் கடையைக் காலி பண்ணப் போனவன் நான். அவளோ என் மானத்தைப் பையில் போட்டு மூடித் தருகிறாள். பையை வாங்கிக்கொண்டேன். தெருவைக் கடந்து வந்தால், கல்லாவில் இருந்த என் மனைவி பையைப் பார்த்துவிட்டு, "கடைசியில நீங்களுமா?" என்றாள்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். கடலை உருண்டையும் வாங்கினேன். நன்றாகவே இருந்தது, அதுவும் எரிச்சல்தான். பொறாமை போய்விட்டது என்றால் பொய். இன்றைக்கும் சிவப்புப் பைகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் கடைக்கும் இப்போது அதே டெய்லர்தான் பை தைக்கிறார், நீலத்தில்.

அந்தக் கல்லை அன்றே தேய்த்துக் கழுவி என் தராசில் வைத்துப் பார்த்தேன். உப்புக்காற்று அரித்தது போக, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. இப்போது அதற்குப் பொட்டு வைப்பதில்லை, துடைத்து மட்டும் வைக்கிறேன். மூட்டை தூக்கிய கதையை யாரிடமாவது ஆரம்பிக்கும்போதெல்லாம் கண் அதன்மேல் போகிறது, இந்தக் கதையில் நானாகப் பூசியது எத்தனை கிராம் என்று.