பாதரச மனிதனுக்காக ஒரு அஞ்சலி போஸ்டர்

திண்டுக்கல்லில் ஒருவர் இறந்துபோனால் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிவது முத்துக்கிருஷ்ணனுக்குத்தான். சில சமயம் அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போஸ்டர் கடை வைத்திருக்கிறார். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே மெஷின், அதே மை. பின்னணியில் ரோஜாவா, மெழுகுவத்தியா என்பது மட்டும்தான் மாறும்.

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் போட்டோ கேட்பார். அப்புறம் பேர், வயசு, ஊர். கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி ஒரு கேள்வி: "அப்பாவுக்குப் படக்கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டோ?"

உண்டு என்று சொல்லிவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்த வீட்டில் நிற்பார். பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேர்ப்பவர் அவர். அதிலும் ஒரு ஹீரோ முதன்முதலாகத் தலைகாட்டிய இதழ் மட்டும்தான் வேண்டும். அடுத்த இதழைத் தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தொடமாட்டார். "ரெண்டாந்தடவை வாரவன் விருந்தாளி. மொதத் தடவை வாரவன்தான் அவதாரம்" என்பார். கரையான் தின்ன வேண்டியதை இந்த மனுசன் கொண்டுபோகிறாரே என்று அந்த வீட்டுப் பெண்கள் சந்தோசமாகவே தூக்கிக் கொடுப்பார்கள். அவர் மனைவி நாகஜோதியின் பட்டுச்சேலைகள் அட்டைப்பெட்டிக்குப் போய்ப் பல வருசமாகிறது. பீரோவில் பிளாஸ்டிக் உறை போட்டு, வசம்பு வைத்து, அவதாரங்கள் அடுக்கியிருக்கின்றன.

ஒருத்தன் மட்டும் குறைந்தான். பாதரச மனிதன்.

அட்டையில் அவன் படம் போட்டு வந்த இதழ்தான் முதல் தோற்றம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. இல்லை. அதற்கு முந்தின பொங்கல் மலரில், யாரோ ஒரு துப்பறிகிறவன் கதையின் கடைசிப் பக்கத்தில், மூன்றே கட்டங்கள். ஒரு கிணறு. தண்ணீரில் ஒரு மினுக்கம். பிறகு கிணற்றுச் சுவரைப் பற்றுகிற ஒரு வெள்ளிக் கை. பேரில்லை, முகமில்லை. அந்த மலர், முத்துக்கிருஷ்ணனுக்குத் தெரிந்து, ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. சின்னாளப்பட்டியில் ரிட்டயர்டு கண்டக்டர் வீரன்.

"நான் கண்ணை மூடுனதும் ஒனக்குத்தான் அப்பு" என்பார் வீரன். "அதுக்கு மிந்திக் கேட்டா கையை ஒடிப்பேன்."

அதிலிருந்து வீரனைப் பார்க்கும்போதெல்லாம் முத்துக்கிருஷ்ணனின் கண் முதலில் அவர் கால்களுக்குத்தான் போகும். வீக்கம் ஏதும் உண்டா?

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால், வீட்டு ஆட்கள் கமுக்கமாக வந்து டிசைனை முடித்து வைத்துவிடுவார்கள். தேதி மட்டும் காலியாக இருக்கும். கடையில் டிசைன் போடும் ஜீவிதா அதையெல்லாம் கம்ப்யூட்டரில் 'வெயிட்டிங்' என்ற ஃபோல்டரில் போட்டு வைப்பாள். அதில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருசிலர் பிழைத்தெழுந்து பேரன் காதுகுத்துக்குப் போஸ்டர் அடிக்கக் கடைக்கே வந்துவிடுவதும் உண்டு. அவர்கள் முகத்தை ஜீவிதா நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஐப்பசி மழையில் வீரன் வழுக்கி விழுந்தார். மதுரைக்குப் போனார். வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

முத்துக்கிருஷ்ணன் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் முகேஷ்குமார் என்று ஒரு பையன் இருக்கிறான், அவனும் இதே ஆசைக்காரன். அவனுக்கு முன்னால் போஸ்டர் போட்டு, அதுவும் இலவசமாகப் போட்டு, துக்க வீட்டில் முதல் ஆளாக நின்றுவிட்டால் வீரனின் மனைவி மாயக்காள் புத்தகத்தை வேறு யாருக்குக் கொடுக்கப்போகிறார்? கணக்கு சுத்தமாக இருந்தது.

கட்டிலில் கிடந்த வீரனை ஒரு ஞாபகத்துக்கு என்று சொல்லி போனில் படமெடுத்தார்.

"நல்லா எடு அப்பு. எடப்பக்கந்தான் எனக்கு அழகு" என்றார் வீரன். மூச்சு வாங்கியது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. "எதுக்கு எடுக்கேன்னு எனக்குத் தெரியாதாலே?"

முத்துக்கிருஷ்ணன் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் போஸ்டர் அடித்தாயிற்று. வளர்பிறை முகூர்த்தம் நெருங்குகிறது, அப்புறம் கல்யாண வேலையில் மெஷின் ஒழியாது, தேதியைக் கையால் எழுதிக்கொள்ளலாம். ஊர் வழக்கப்படி கீழே 'கண்ணீருடன்' என்று கூலிங்கிளாஸ் போட்ட தன் படத்தையும் சேர்த்தார். அதுவும் ஊர் வழக்கப்படி, இறந்தவர் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

சாவுப் போஸ்டரைச் சாமி படம் இருக்கிற கடைக்குள் ராத்தங்க விடக்கூடாது. அதனால் சாயங்காலம் கடையைப் பூட்டுகையில், எப்போதும்போல, சுருளை வெளியே கதவோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கதவோரம் சாய்த்திருப்பதை எடுத்து ஒட்டுவதுதான் பொம்மையனுக்கு வேலை. இத்தனை வருசத்தில் எதை ஒட்டுகிறோம் என்று பொம்மையன் வாசித்துப் பார்த்ததில்லை.

காலையில் டீக்கடை மாஸ்டர் டம்ளரை நீட்டியவர், சுவரைப் பார்த்தார், முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல ரெண்டு பேர்ல செத்தது யாரு?"

முத்துக்கிருஷ்ணன் டீயைக் குடிக்காமல் வண்டியை எடுத்தார். காந்திகிராமம் தாண்டி சின்னாளப்பட்டி வரைக்கும் வழிநெடுக ஒட்டியிருந்தது. பாலத்தில், ரேசன் கடையில், கல்யாண மண்டபச் சுவரில். வீரன் இடப்பக்கமாகச் சிரித்தார். கீழே தன் முகமே ஒவ்வொரு சுவரிலிருந்தும் தன்னைப் பார்த்தது. எதிரே வந்த ஒன்றிரண்டு பேர் வண்டியை நிறுத்தி, இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைமாட்டுச் சுவரில் அந்தப் போஸ்டர். பக்கத்தில் ஆணியில் ஒரு ரோஜா மாலை. மாயக்காள் "வாங்க" என்று சொல்லவில்லை.

"வா அப்பு! அம்புட்டு வருசம் டிக்கெட்டுக் கிழிச்சேன், ஒரு போஸ்டர்ல வந்ததில்ல. இதுதான் எனக்கு மொதத் தோற்றம். ஒனக்குத்தான் அது உசுராச்சே, ஒண்ணு எடுத்துக்க. மாயக்கா, பசை காயாததாப் பாத்து ஒண்ணு உரிச்சுக் குடு."

"அண்ணே, அது... பொம்மையன் தெரியாம..."

"ஒட்டுனது தெரியாமத்தான். அடிச்சதுமா தெரியாம?"

முத்துக்கிருஷ்ணனின் பார்வை அலமாரிப் பக்கம் போனது. பொங்கல் மலர் இருக்கிற இடம் காலியாக இருந்தது.

"அதையா பாக்கே? செத்த மிந்தித்தான் பாலசமுத்திரத்துப் பையன் வாங்கிட்டுப் போனான். போஸ்டரை ராத்திரியே வாட்ஸ்அப்புல பாத்துட்டு மாலையோட ஓடியாந்திருக்கான். நான் டீ குடிக்கிறதப் பாத்ததும் மாலையை அந்த ஆணியில மாட்டிட்டான்."

"கண்ணை மூடுனதும் எனக்குன்னு சொன்னீங்களேண்ணே!"

"ஊருக்கெல்லாம் நான் கண்ணை மூடியாச்சே. மூடி விட்டது நீதானே?" வீரன் டம்ளரைக் கீழே வைத்தார். "செத்தவன் சாமான், வீட்டுக்கு மொதல்ல வந்தவனுக்கு. உன் சட்டந்தான். நீ லேட்டு அப்பு."

மாயக்காள் ஈரப் போஸ்டர் ஒன்றைச் சுருட்டி அவர் கையில் திணித்தார்.

கடைக்குத் திரும்பியபோது ஜீவிதா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாலசமுத்திரத்துக்காரரு ஒருத்தரு வந்துட்டுப் போனாருண்ணே. பையில ஏதோ பழைய புத்தகம் வச்சிருந்தாரு, இறக்கி வைக்கவே இல்ல. ரொம்ப மரியாதையாப் பேசினாரு. உங்க பீரோ எம்புட்டு உயரம்னு விசாரிச்சாரு."

"அப்புறம்?"

"ஒரு டிசைன் சொல்லிட்டுப் போயிருக்காரு. 'அவசரமில்லீங்க, தேதி மட்டும் காலியா விட்டு வையுங்க'ன்னாரு."

"யாருக்கு?"

ஜீவிதா திரையை லேசாக அவர் பக்கம் திருப்பினாள். வெயிட்டிங் ஃபோல்டர் திறந்திருந்தது. மெழுகுவத்திகளுக்கு நடுவில், வீரனின் போஸ்டரிலிருந்து வெட்டியெடுத்த கூலிங்கிளாஸ் முகம். கீழே 'கண்ணீருடன்' முகேஷ்குமார், ஒரு சுற்றுப் பெரிதாக.

முத்துக்கிருஷ்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் லேசாக வீங்கினாற்போல் இருந்தது. செருப்பு இறுக்கமாகவும் இருக்கலாம்.

"கூலிங்கிளாஸுல முகம் தெரிய மாட்டேங்குதுண்ணே" என்றாள் ஜீவிதா, இன்னமும் அவரைப் பார்க்காமல். "புதுசா ஒண்ணு எடுத்துரட்டா?"

அவள் போனைத் தூக்கியதும், பழக்கதோசத்தில் அவர் கை காலரைச் சரிசெய்தது. முகம் இடப்பக்கமாகத் திரும்பியது.