வெந்நீரில் கொட்டிய கூடை

பட்டு நூல் எடுக்கும் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் சின்னக்கா. பெரியக்கா என்று யாரும் கிடையாது. பாதி ஆயுளை வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் கழித்தவள். விரல் நுனிகள் வெந்து வெந்து வெளுத்து மரத்துப் போயிருந்தன.

அன்று மதியத்திலிருந்தே கண் கடிகாரத்தில். கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு இந்த ஊரில் பஸ் மாறுகிறாள். கொஞ்ச நேரம்தான் நிற்பாள். பேரனைச் சின்னக்கா இன்னும் பார்த்ததில்லை. தொட்டியில் மிதக்கும் நாலைந்து பட்டுக்கூடுகளை முடித்துவிட்டால் கிளம்பலாம். நனைந்த கூட்டைப் பாதியில் விட்டால் நூல் வீணாகிவிடும். தன் தொட்டியைக் காலி செய்யாமல் அங்கே யாரும் எழுந்திருப்பதில்லை.

அப்போதுதான் ஊர் சுற்ற வந்த தம்பதி உள்ளே நுழைந்தார்கள்.

"உள்ள புழு உயிரோட இருக்குமாம்மா?" என்றார் கணவர்.

"வர்றப்ப இருந்துச்சு சார். இப்ப என்னை மாதிரிதான், வெந்து போச்சு."

மனைவி சிரித்தாள். கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நானும் ஒரு கை குடுக்கறேன்" என்று பக்கத்திலிருந்த பட்டுக்கூட்டுக் கூடையைத் தூக்கி மொத்தமாகத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

சின்னக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "ஐயோ சார், என் மக பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா" என்று மட்டும் வந்தது.

பக்கத்துத் தொட்டி நாத்தனாருடையது. சின்னக்கா தன் மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து அழைக்காமல் இங்கே தொட்டியடியிலேயே சொல்லிவிட்டாள் என்று, அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது நாத்தனாரே எழுந்து வந்தாள்.

"தள்ளுங்க அண்ணி."

"உன் தொட்டி?"

"எனக்கு ரெண்டு கை இருக்கு. போங்க. புள்ளைக்கு யார் மூக்குன்னு பாத்துட்டு வாங்க."

"நான் வேணா…" என்று இழுத்தார் வந்தவர்.

"நீங்க சும்மா நின்னாலே பெரிய உதவி சார்" என்றாள் நாத்தனார்.

பஸ் ஸ்டாண்டில் மகள் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தையை வாங்கிக் கன்னத்தைத் தொட்டாள் சின்னக்கா. மரத்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. புறங்கையால் தடவினாள், தெரிந்தது. பேச ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது நாத்தனார் இரண்டு தொட்டிக்கும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தாள். புடவை முழுக்க ஈரம். பாதிக் கூடுகள் இன்னும் மிதந்தன. சின்னக்கா உட்கார்ந்து ஒரு நுனியைப் பிடித்தாள்.

"யார் மூக்கு?"

"உங்க அண்ணன் மூக்குதான்."

நாத்தனார் ஈர விரலால் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள்.