அம்மாவின் சவர்க்காரக் கட்டி

அலுமாரியைத் துடைத்த என் மனைவி, துணியில் சுற்றிய சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து வந்தாள்.

"மாமி, இது இனி நுரைக்குமே?" என்று கதிரையில் இருந்த அம்மாவைக் கேட்டாள்.

நான் வாங்கி முகர்ந்தேன். சவர்க்கார வாசம் எப்போதோ போய்விட்டது. எனக்கு மணத்தது பனம்பழம்.

சண்டைக் காலத்தில் சவர்க்காரம் கிடையாது. கண்டாவளையில் அம்மா பனம்பழம் பிசைந்துதான் உடுப்புத் தோய்ப்பார். இந்த ஒரு கட்டியை மட்டும் நல்லநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்தார். பனம்பழ வாசத்துக்கு மாடுகள் உடுப்புக் காயும் கொடியைத் தேடி வரும். ஒருநாள் அண்ணாவின் நீலச் சேட்டில் கொலரையே ஒரு மாடு சப்பித் தின்றுவிட்டது.

"அதுக்கும் பசிதானே அம்மா," என்று சிரித்த அண்ணா, அதையே போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை.

அடையாளம் கேட்டவர்களிடமெல்லாம், "கொலர் இல்லாத நீலச் சேட்டு," என்றுதான் அம்மா சொல்வார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் இந்தக் கட்டியும் அவர் பையில் வந்தது.

மனைவி கட்டியைத் திரும்ப வாங்கி, கையை நனைத்துத் தேய்த்தாள். வெள்ளையாய் நுரை பொங்கியது.

"நல்லா நுரைக்குது மாமி. இண்டைக்கு இதாலயே தோய்க்கட்டே?"

அம்மா கதிரையால் எழும்பி வந்தார். கட்டியை வாங்கி, சேலைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றினார்.

"நுரைக்குதெண்டால் வைச்சிடு பிள்ளை. அவன் வந்தா, அவன்ரை சேட்டுத் தோய்க்கக் காணும்."