மணல் மூட்டைக்குப் பதிலாக நான்

என் வீட்டுக்காரர் அழகேசனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். மிக்ஸி ரிப்பேர் என்றால் ஒருநாள் அது காணாமல் போகும். மறுநாள் ஓடுகிற நிலையில் அதே இடத்தில் இருக்கும். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "இப்ப ஓடுதா இல்லியா?" என்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியின் டூல்ரூமில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். அங்கே எல்லாம் அப்படித்தானாம். டிராயிங் வரும், இவர் இரும்பை ராவி, அளந்து கொடுப்பார், அளவு சரியாக இருந்தால் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தைத் திருமுல்லைவாயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சில் முக்கால்வாசி என்னுடையது.

போன நவம்பர் மழையில் தெருவோரம் தோண்டிவைத்த பள்ளத்தில் விழுந்தேன். தண்ணீர் நின்றதில் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. இடது முட்டி நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து, கடைசியில் டாக்டர், முட்டி இனிமேல் மடங்காது என்று சொல்லிவிட்டார். கைத்தடி பிடித்து நடக்கலாம். ஆனால் உட்கார்ந்தால் அந்தக் கால் முன்னால் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியொரு காலை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது. ரயிலில் ஏறினால், எஸ்டேட்டுக்கு இறங்கும் பட்டரவாக்கம் பக்கம்தான், ஆனால் காலை நேரத்துக் கூட்டத்தில் கால் மடங்குகிறவர்களே தொங்கிக்கொண்டு போகிறார்கள். தினமும் தனி ஆட்டோ வைத்தால் என் சம்பளத்தை ஆட்டோக்காரரே வாங்கிக்கொள்ளலாம்.

நான் எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டையை விரித்துப்போட்டு, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒன்பது வருஷம் ஒரே டேபிள். வீட்டில் படுத்திருந்த நாலு மாதமும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டேபிளில் உட்கார்ந்தால் நான் பாவம் கிடையாது. எழிலரசி அக்கா கண்ணில் படாமல் எந்தத் தப்பும் வெளியே போகாது என்று லைன் முழுக்கச் சொல்வார்கள். அங்கே போய் உட்காராவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும் போலிருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பிரியா சின்னப் பெண், தங்கமான குணம். மார்ச் மாதம் போன் செய்தாள். "அக்கா, மேல கேட்டுகிட்டே இருக்காங்க. ஏப்ரல் மொத திங்கக்கிழமை வரைக்கும் உங்க எடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அன்னிக்கு எட்டரைக்கு வந்து உக்காந்துட்டீங்கன்னா அது உங்களுது. அதுக்கு மேல என்னால முடியாதுக்கா."

நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அழகேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய பழைய சைக்கிளைக் காணோம்.

சைக்கிள், சி.டி.எச். ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் ஜஸ்டினிடம் இருந்தது. பைக்கில் பக்கவாட்டில் எதையாவது மாட்டினால் போலீஸ் பிடிக்கும், சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகமும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது என்பது இவர் கணக்கு. தினமும் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். ஸ்கொயர் டியூபை வெட்டி, சைக்கிளின் இடது பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து போகும் தொட்டிக்கு ஃப்ரேம் போட்டார்கள். மூன்றாவது சக்கரம் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளிலிருந்து வந்தது. உட்கார, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு முன்னால் என் கால் நீளத்துக்கு ஒரு பலகை, மேலே ஸ்பாஞ்சு, சுற்றி ரெக்சின். நான் தூங்கும்போது என் காலை டேப் வைத்து அளந்திருக்கிறார். கேட்டுவிட்டு அளந்தால் என்ன குறைந்துபோகும்?

மேடு ஏறச் சுலபமாக இருக்கட்டும் என்று பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினார். எங்கள் சந்துக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக மூன்று போல்ட்டைக் கழற்றினால் தொட்டி தனியாக வரும்படி செய்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு ஜஸ்டின் சொல்லித்தான் தெரியும்.

முடிந்ததும் என்னை ஏற்றிப் பார்த்திருக்கலாம் இல்லையா? மாட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் என் எடை அறுபத்து நாலு என்று இருந்தது. சிமெண்ட் பைகளில் மணலை நிரப்பி, எடைக்கல் வைத்து அறுபத்து நாலு கிலோ நிறுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்க என் பழைய நைட்டியால் கட்டி, ஒரு வாரம் அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டில் ஓட்டியிருக்கிறார். ஜஸ்டின் பட்டறையில் இருக்கிறவர்கள், "இன்னா அண்ணாத்தே, அண்ணிய எங்க இட்டுகினு போற?" என்று கத்துவார்களாம். இவர் சிரிக்கக்கூட இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மணி அடித்தது. வெளியே வந்து பார்த்தால் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று நிற்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் நம்ப வேண்டும்.

"ஏறு மே," என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். கால் பலகையில் பொருத்தமாக நீண்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கால் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. நேர் ரோட்டில் ராஜாத்தி மாதிரி போனேன். அயனம்பாக்கம் பக்கம் இடது கை வளைவு வந்தது. திரும்பியதும் வண்டி ஒரு மாதிரி ஆட, நான் பயந்துபோய் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். பயந்தால் வேறு யாரைப் பிடிப்பது? என் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. வண்டி வலது பக்கம் சாய்ந்து, அவர் கீழே, வண்டி அவர்மேல், நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் மேலே.

என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முழங்கையில் தோல் வழன்றுவிட்டது. "தப்பு ஓம்மேல இல்ல. என் அளவுல எங்கியோ தப்பு கீது," என்று சொல்லி, மறுபடி வண்டியைக் கொண்டுபோய்விட்டார்.

மூன்று நாள் கழித்து வந்தபோது தொட்டியின் வெளி ஓரத்தில் பதினெட்டு கிலோ இரும்புப் பிளேட் ஏறியிருந்தது. என்னை நாற்காலியோடு கட்ட ஒரு பெல்ட். சக்கரம் தூக்கவில்லை. தூக்காது, ஏனென்றால் வண்டியே நகரவில்லை. சின்ன மேட்டில்கூட இறங்கித் தள்ளினார். ஐம்பது வயதில் மூச்சு இரைக்க இரைக்க, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள. எஸ்டேட் வரை போய்ப் பார்த்ததில் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இப்படிப் போனால் எட்டரைக்கு முன்னால் போய்ச் சேருவது சந்தேகம், சேர்ந்தாலும் இவர் இருக்க மாட்டார். அடுத்த திங்கட்கிழமைதான் கெடு.

நான் பெல்ட்டைக் கழற்றி வீசினேன்.

"யோவ், நா இன்னா மணல் மூட்டையா? இழுத்துக் கட்டி எடுத்துகினு போறதுக்கு? தொட்டிய தூக்குனது உன் அளவு இல்லய்யா, நானு. உன்னைப் புடிச்சிகினு உன் பக்கம் வந்தேன், தூக்கிச்சி. நா அந்தாண்ட சாஞ்சிருந்தா படிஞ்சிருக்கும். ஒம்போது வருஷமா தப்பு எங்க கீதுன்னு பாக்கறவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவர் குனிந்து சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு, "மூட்ட அசையாது. நீ அசையற," என்றார்.

"ஆமாய்யா. உசுரு கீதில்ல."

"அத்த நா கணக்குல எடுக்கல," என்றார். ஸ்பேனரை எடுத்து அங்கேயே பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்தார். என் பேச்சைக் கேட்டு அவர் ஒரு போல்ட்டைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

தினமும் சாயங்காலம் பழகினோம். இடது வளைவில் நான் அவரை விட்டு விலகி வெளியே சாய வேண்டும், வலது வளைவில் அவர் பக்கம். அதற்கு வளைவு வருகிறது என்று அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். எதையும் முடித்த பிறகு சொல்கிற மனுஷன், திரும்பி முடித்த பிறகு "லெஃப்ட்டு" என்பார். இரண்டு தடவை சக்கரம் தூக்கியது. நான் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "முன்னாடி சொல்லுய்யா, முன்னாடி! செய்யப் போறத சொன்னா இன்னா கேவலமா?" வெள்ளிக்கிழமை திரும்பும்போது சொன்னார். சனிக்கிழமை திரும்புவதற்கு நாலடி முன்னால் சொன்னார்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கிளம்பினோம். சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போயின. விழுந்தால் வேலை மட்டும் போகாது என்று தெரியும். கம்பெனித் தெருவுக்குத் திரும்பும் இடம் கண்ணில் பட்டது. பின்னால் ஒரு தண்ணி லாரி ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு ஒட்டிக்கிடந்தது. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"எழிலு," என்றார். "அந்த வேப்பமரத்தாண்ட லெஃப்ட்டுல திரும்பப் போறேன். பயப்படாத. நல்லா வெளிய சாஞ்சிக்கோ. நா கீறேன்."

இத்தனை வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. தொட்டியின் ஓரக் கம்பியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்தேன். மூன்று சக்கரமும் தரையில் இருந்தன. லாரி எங்களைத் தாண்டிப் போனது.

கேட்டில் மணி எட்டு இருபத்திரண்டு. செக்யூரிட்டி தினேஷ் ஓடிவந்து கைத்தடியை வாங்கிக்கொண்டான். "இன்னா அண்ணே, அக்காவ இவ்ளோ தூரம் மிதிச்சே இட்டாந்துட்டியா! செம கைண்ணே நீ!"

அழகேசன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நா ஒண்டியா எங்க ஓட்டுனேன்? ரெண்டு பேரும்தான் ஓட்டிகினு வந்தோம்," என்றார்.

நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் டேபிள் துடைத்து வைத்திருந்தது. நீட்டுகிற காலுக்கு கிருஷ்ணப்பிரியா ஒரு ஸ்டூலும் போட்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, முதல் சட்டையை விரித்து, காலரைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். மார்புப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

"அக்கா, பீஸ் நனையுதுக்கா," என்றாள் கிருஷ்ணப்பிரியா, மெதுவாக.

"தெரியுதும்மா," என்றேன். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டி, அடுத்த சட்டையை இழுத்தேன்.